காட்சியமைப்புக் கலை

பழனிமலை, மேற்குத் தொடர்ச்சி மலையினின்று கிழக்கு நோக்கிப் பிரிந்து நிற்கும் ஒரு கிளை மலையாகும். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் அம்மலையின்மீது, கடல் மட்டத்திற்கு 2,100 மீட்டர் உயரத்தில் கோடைக்கானல் நகரம் அமைந்துள்ளது. கோடையின் வெம்மைக்கு அஞ்சி ஆண்டுதோறும் பெருந்திரளான மக்கள் அங்கு ஏறி வருகின்றனர். ஏரியில் படகு செலுத்துகின்றனர். கோக்கர் நடைபாதையில் நின்று பள்ளத்தாக்கை நோக்குகின்றனர். பைன் மரக் காட்டில் நிழற்படம் எடுத்துக்கொள்கின்றனர். பின்னர் மலையிறங்கிச் செல்கின்றனர். இக்கூட்டம் மிகப் பெருகியமையால், சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் வெளியூர் ஊர்திகளுக்கு முன் அனுமதிச் சீட்டு முறையே கொண்டுவரப்பெற்றது.

இங்ஙனம் வருவோருள் மலையைக் கண்டவர் பலர். மலையை அறிந்தவர் சிலரே. வரிசையாய் வானளாவி நிற்கும் பைன் மரங்களைக் கண்டு, பழனிமலையின் இயற்கைக் காடு இதுவே எனப் பலர் எண்ணிவிடுகின்றனர். உண்மை அதுவன்று. பைன் மரமும், சீகை மரம் எனப்படும் வாட்டிலும், தைலமரமும் வேற்று நாடுகளிலிருந்து கொணர்ந்து மனிதர் நட்டவை. இம்மலையுச்சிக்கு உரியவை சோலைக்காடும் அதனைச் சூழ்ந்த புல்வெளியுமே ஆகும். மலைமடிப்புகளில் குட்டையான மரங்கள் நெருங்கி நிற்கும். அவற்றின் கிளைகளில் பாசியும் பெரணியும் ஆர்க்கிட் செடிகளும் படர்ந்திருக்கும். அவற்றிற்கு மேலுள்ள சரிவுகளில் புல் போர்த்திருக்கும். அப்புல்வெளியைத் தரிசு நிலம் என்று கருதியே அதன்மேல் அயல்மரங்கள் நடப்பெற்றன. தரிசு என்று எண்ணியதை எவரும் காக்க முன்வருவதில்லை. ஆகவே, மலையைப் பற்றிய ஒரு தவறான எண்ணம் மலைக்கே கேடாய் முடிகின்றது.

இத்தவறான எண்ணத்தை நீக்குவது எங்ஙனம்? சுற்றுலா வருவோர் அனைவரும் நூல் கற்று வருவதில்லை. வல்லுநர் உரையைக் கேட்க அவர்களுக்கு ஓய்வும் இல்லை. அரைமணி நேரமே ஓரிடத்தில் தங்கக்கூடிய அவர்களுக்கு, அந்த அரைமணி நேரத்திற்குள் மலையின் உண்மையை உணர்த்த வேண்டும். அருங்காட்சியகமும், காட்டின் வாயிலில் அமைக்கப்பெறும் பார்வையாளர் விளக்க மையமும் இப்பணிக்கென்றே உள்ளன. அவற்றில் எப்பொருளை எங்கே எவ்வாறு வைப்பது என்று திட்டமிட்டு உருவாக்குபவரே காட்சியமைப்பாளர் ஆவார். இவருள் சிலர் நிறுவனங்களில் நிலையாகப் பணியாற்றுவர். வேறு சிலர் எந்நிறுவனத்தையும் சாராது, அழைக்கும் இடத்திற்குச் சென்று, ஒப்புக்கொண்ட பணியை முடித்துக் கொடுக்கும் தனித் தொழிலராய் விளங்குவர்.

காட்சியைக் கண்டு கருத்தறிதல் தமிழர்க்குப் புதியதன்று. சங்க இலக்கியங்களுள் ஒன்றாகிய பரிபாடல், திருப்பரங்குன்றத்தில் இருந்த ஓவிய மண்டபத்தைப் பற்றிக் கூறுகின்றது. முருகனை வழிபட மதுரையிலிருந்து வந்த மக்கள் அம்மண்டபத்துள் நுழைகின்றனர். சுவரில் தீட்டப்பெற்ற உருவங்களைச் சுட்டி, இவர் யார், அவர் யார் என ஒருவர் வினவ, இரதி என்றும், காமன் என்றும், அகலிகை என்றும், கௌதமன் என்றும் மற்றவர் விடை கூறுகின்றனர். அங்கே ஓவியம் வினாவை எழுப்பிற்று. வினா உரையாடலை வளர்த்தது. உரையாடல் அறிவைத் தந்தது. நல்ல காட்சி எதனைச் செய்ய வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. காண்போர் வாய்மூடிக் கடந்து செல்வராயின் அக்காட்சி தோற்றது என்றே கொள்ளலாம்.

கோடைக்கானல் பகுதியில் காட்சிப்படுத்தத் தக்க பொருள்களுக்குக் குறைவில்லை. நகருக்கு அண்மையில் உள்ள செண்பகனூரில் இயேசு சபைத் துறவியர் 1895-ஆம் ஆண்டில் தொடங்கிய அருங்காட்சியகம், இம்மலையின் விலங்குகள், பறவைகள், பூச்சிகள், செடிகொடிகள், பழங்கால மக்கள் விட்டுச்சென்ற பொருள்கள் ஆகியவற்றிற்குப் பெயர்பெற்றது. நகரின் மற்றொரு பக்கத்தில் 1899-ஆம் ஆண்டில் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடமும், அதனைச் சார்ந்த ஓர் அருங்காட்சியகமும் உள்ளன. மலையின் ஒரு பகுதி 2013-ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. பொருளைத் தேடிச் சேர்ப்பவர் அறிஞர். அதனைக் கெடாமல் காப்பவர் காப்பாளர். அதனைப் பேச வைப்பவர் காட்சியமைப்பாளர். மூவர் பணியும் ஒன்றுசேர்ந்தாலன்றி அருங்காட்சியகம் நிறைவுறாது.

காட்சியமைப்பாளர்க்கு முதற்கண் வேண்டுவது கற்கும் திறனாகும். அவர் ஒருமுறை காட்டைப் பற்றியும், மறுமுறை விண்மீன்களைப் பற்றியும், பிறிதொருமுறை பழங்காலக் கல்லறைகளைப் பற்றியும் காட்சி அமைக்க நேரும். எத்துறையிலும் அவர் வல்லுநர் அல்லர். எனினும் வல்லுநரிடம் சரியான வினாக்களைக் கேட்டறியும் ஆற்றல் அவர்க்கு வேண்டும். பழனிமலைக்குக் காட்சி அமைப்பவர், இம்மலையின் செடிகொடிகளைத் தொகுத்து கே. எம். மேத்யூ என்னும் துறவி 1999-இல் வெளியிட்ட பெருநூலைப் புரட்ட வேண்டும். இம்மலையின் கல்திட்டைகளைப் பற்றி ஆங்கிலேட், நியூட்டன் என்னும் துறவியர் இருவர் எழுத, இந்தியத் தொல்பொருள் ஆய்வுத்துறை 1928-இல் வெளியிட்ட நூலையும் காண வேண்டும். நூலறிவோடு நில்லாது, வனக்காவலரோடும் பளியர் முதலிய மலைவாழ் மக்களோடும் காட்டில் நடந்து பழக வேண்டும். தேன் எடுக்கும் காலத்தையும் யானை செல்லும் தடத்தையும் நூலைவிட அம்மக்களே நன்கறிவர்.

இரண்டாவதாக வேண்டுவது தேர்ந்தெடுக்கும் திறன். கற்றவை அனைத்தையும் சுவரில் எழுதிவிட வேண்டும் என்னும் ஆவல் எவர்க்கும் எழும். அந்த ஆவலை அடக்குதல் எளிதன்று. நூறு செய்திகளைக் கூறின், காண்போர் ஒன்றையும் நினைவில் கொள்ளார். அமெரிக்க நாட்டுத் தேசியப் பூங்காக்களில் பார்வையாளர்க்கு விளக்கம் கூறும் முறையை ஆராய்ந்த பிரீமன் டில்டன் என்பவர், 1957-இல் வெளியிட்ட நூலில் இதனைத் தெளிவுறுத்தினார். செய்திகளை அடுக்குவது விளக்கம் ஆகாது என்பதும், காண்போர் உள்ளத்தில் ஆர்வத்தைத் தூண்டுவதே விளக்கத்தின் நோக்கம் என்பதும் அவர் கொள்கைகளாகும். ஆதலின் ஒவ்வோர் அறைக்கும் ஒரு கருத்தை வகுத்துக்கொண்டு, அதற்குத் துணைசெய்யாத பொருள் எத்துணை அழகியதாயினும் அதனை விலக்கிவைத்தல் வேண்டும். நவராத்திரிக் கொலுவில் வீட்டிலுள்ள எல்லாப் பொம்மைகளையும் ஒரே படியில் நெருக்கி வைத்தால் அழகு கெடுவதுபோல, அருங்காட்சியகத்திலும் நெருக்கம் நோக்கத்தைக் கெடுக்கும்.

மூன்றாவது, தேர்ந்தெடுத்த பொருளை அதற்குரிய சூழலில் வைக்கும் திறன். தமிழ் இலக்கணம் அகத்திணைப் பாடலுக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றை வகுத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் வாழும் விலங்கு, பறவை, மரம், பூ முதலியன கருப்பொருள். மக்களின் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். விலங்கை அதன் நிலத்தினின்று பிரித்துக் கூறாத இம்மரபு காட்சியமைப்புக்கும் பொருந்தும். முற்காலத்து அருங்காட்சியகங்களில் பாடம் செய்யப்பெற்ற விலங்குகளை மரப்பலகையின்மேல் வரிசையாய் நிறுத்துவதே பெரும்பாலும் வழக்கம். 1890-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகர அருங்காட்சியகத்தில் கார்ல் ஏக்லி என்பவர், நீர்நிலைகளில் வாழும் ஒருவகை எலியை அதன் வளையோடும் நீரோடும் புல்லோடும் சேர்த்து ஒரு பேழையில் அமைத்துக் காட்டினார். பின்சுவரில் தீட்டிய ஓவியமும் முன்னே வைத்த பொருள்களும் ஒன்றாய் இணைந்து, ஒரு நிலப்பகுதியையே கண்முன் நிறுத்தின. இத்தகைய இயற்சூழல் பேழைகள் பின்னர் உலகெங்கும் பரவின.

சோலைக்காட்டை இம்முறையில் அமைப்பதாகக் கொள்வோம். பேழையின் தரையில் உதிர்ந்த இலைகளும் மண்ணும் இருத்தல் வேண்டும். மரத்தின் பட்டையில் பாசி படர்ந்திருத்தல் வேண்டும். கிளையில் பழனிமலையின் பெயரையே தாங்கிய சிரிப்பான் என்னும் சிறு பறவை அமர்ந்திருத்தல் வேண்டும். பின்னணி ஓவியத்தில் மூடுபனி தவழும் புல்வெளியும், அதில் மேயும் காட்டெருமையும் தோன்றுதல் வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் அப்பறவையின் குரல் ஒலிக்குமாறு செய்யலாம். அதற்கு அருகிலேயே பைன் தோட்டத்தின் தரையை அதே அளவுள்ள மற்றொரு பேழையில் காட்டலாம். ஒன்றில் பலவகைச் செடிகள் நெருங்கியிருக்க, மற்றொன்றில் ஊசிபோன்ற சருகுகளே பரந்து கிடக்கும். இரண்டையும் அடுத்தடுத்துக் காணும் சிறுவன், வேறுபாட்டை எவரும் கூறாமலே அறிந்துகொள்வான். இங்ஙனம் ஒப்பிட்டுக் காணச் செய்தல் காட்சியமைப்பின் சிறந்த வழிகளுள் ஒன்றாகும்.

சில உண்மைகள் கண்ணுக்குத் தோன்றா. புல்வெளியும் சோலையும் மழைநீரைத் தம்முள் தேக்கி, மழையற்ற நாளிலும் சிறிது சிறிதாக விடுவிக்கின்றன. இம்மலையில் பிறக்கும் ஓடைகள் ஒருபுறம் சண்முக நதியாய் அமராவதியை அடைகின்றன. மறுபுறம் மஞ்சளாறு முதலியனவாய் வைகையை அடைகின்றன. மலையடிவாரத்து உழவரின் வாழ்வு மலையுச்சியின் புல்லைச் சார்ந்துள்ளது. இதனைச் சொல்லால் விளக்குவதினும் செயலால் விளக்குதல் நன்று. சாய்வாய் வைத்த இரண்டு தட்டுகளுள் ஒன்றில் வெறும் மண்ணையும், மற்றொன்றில் புல் வளர்ந்த மண்ணையும் நிரப்ப வேண்டும். இரண்டிலும் ஒரே அளவு நீரைப் பார்வையாளரே ஊற்றுமாறு செய்ய வேண்டும். வெறும் மண்ணின்மீது ஊற்றிய நீர் கலங்கி விரைந்து ஓடிவிடும்; புல் வளர்ந்த தட்டிலிருந்து தெளிந்த நீர் மெல்லக் கசியும். தன் கையால் செய்து கண்டதை எவரும் எளிதில் மறப்பதில்லை.

காலத்தைக் காட்டுதல் இதனினும் அரிய செயல். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவெங்கும் ஒருசேரப் பூப்பது. பூத்துக் காய்த்தபின் அச்செடி மடிந்துவிடும். அதன் விதையினின்று அடுத்த தலைமுறை தோன்றும். அது 2006-ஆம் ஆண்டிலும் 2018-ஆம் ஆண்டிலும் பூத்தது. அடுத்த பூப்பு 2030-இல் எதிர்பார்க்கப்படுகின்றது. மலைக்கு வருவோருள் பெரும்பாலோர் பூவைக் காணும் வாய்ப்புப் பெறார். பூவின் படத்தை மட்டும் மாட்டிவைத்தால், அதனைக் காணாத ஏக்கமே மிஞ்சும். வட்டமான மேசையொன்றைப் பன்னிரண்டு பகுதிகளாக்கி, ஒவ்வோர் ஆண்டிலும் அச்செடி எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று வரிசையாய்க் காட்டலாம். தாம் பிறந்த ஆண்டு எது, தம் வாழ்நாளில் குறிஞ்சி எத்தனை முறை பூத்தது என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்குமாறு செய்யலாம். பூவாத பதினோர் ஆண்டுகளிலும் அச்செடி உயிரோடு இருக்கின்றது என்பதும், அதனை மிதித்து அழித்தல் ஆகாது என்பதும் அப்போது விளங்கும்.

பழனிமலையின் தாண்டிக்குடி போன்ற இடங்களில் கல்திட்டைகள் உள்ளன. பெரிய பலகைக் கற்களைச் சுவர்களாக நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லை வைத்து, பெருங்கற்கால மக்கள் இறந்தோர் நினைவாக எழுப்பியவை அவை. அத்தகைய இடத்தில் கிடைத்த மட்கலம் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் தனியே வைத்தால், காண்போர்க்கு அது பழைய பானையாகவே தோன்றும். அது எந்தக் கல்லின் கீழ், எவ்வளவு ஆழத்தில், எப்பொருளோடு சேர்ந்து கிடந்தது என்னும் செய்தியே அதன் உயிர் ஆகும். எனவே கல்திட்டையின் குறுக்குவெட்டு மாதிரி ஒன்றைச் செய்து, கலம் இருந்த இடத்தை அதில் சுட்டிக்காட்டுதல் வேண்டும். விளையாட்டாய்க் கல்லைப் புரட்டுவோரும், புதையல் உண்டெனத் தோண்டுவோரும் எதனை அழிக்கின்றனர் என்பதை அம்மாதிரி உணர்த்தும். இடம் மாறிய பொருள் தன் வரலாற்றின் பெரும்பகுதியை இழந்துவிடுகின்றது.

சூரிய ஆய்வுக்கூடம் வேறுவகையான சிக்கலைக் காட்டுகின்றது. அங்குக் காண வேண்டிய பொருளை நேரே நோக்குதல் இயலாது. நோக்கினால் கண் கெடும். ஆகவே சூரியனின் உருவத்தை இருண்ட அறையில் ஒரு திரையின்மீது வீழ்த்திக் காட்டுவர். இவ்வாய்வுக்கூடத்தில் 1904 முதல் சூரியனின் ஒளிப்படங்கள் தொடர்ந்து எடுக்கப்பெற்று வருகின்றன. 1909-ஆம் ஆண்டில் இங்குப் பணியாற்றிய ஜான் எவர்ஷெட், சூரியனிலுள்ள கரும்புள்ளிகளின் நடுவிலிருந்து வளிமங்கள் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். ஒளிக்கற்றையிலுள்ள கோடுகள் சிறிதளவு இடம் பெயர்வதைக் கொண்டே அவர் அதனை அறிந்தார். இதனைப் பொதுமக்களுக்கு விளக்குவது எளிதன்று. ஆயினும், நெருங்கி வரும் பேருந்தின் ஊதொலி உயர்ந்தும், விலகிச் செல்லும்போது தாழ்ந்தும் கேட்பதை அறியாதார் இலர். அந்த அனுபவத்தினின்று தொடங்கி, ஒளிக்கும் அத்தகைய மாற்றம் உண்டு என்று படிப்படியாய் அழைத்துச் செல்லலாம். காண்போர் முன்பே அறிந்ததினின்று தொடங்கி, அறியாததற்கு இட்டுச் செல்லுதல் காட்சியமைப்பாளர் கடன்.

இனி, சொல்லின் திறத்தைக் காண்போம். விளக்கப் பலகையைப் படிப்போர் நின்றுகொண்டே படிக்கின்றனர். பின்னால் வருவோர் நெருக்குகின்றனர். கையைப் பிடித்த குழந்தை இழுக்கின்றது. அந்நிலையில் ஐம்பது முதல் எழுபத்தைந்து சொற்களுக்கு மேல் எழுதுதல் பயனற்றது. தலைப்பைப் படித்தவர்க்கும் ஒரு கருத்துக் கிட்ட வேண்டும். முழுவதும் படித்தவர்க்குக் கூடுதலாய் ஒன்று கிட்ட வேண்டும். தமிழும் ஆங்கிலமும் அருகருகே வரும்போது, ஆங்கிலத்தில் எழுதிப் பின் தமிழில் பெயர்க்கும் வழக்கத்தால் தமிழ்ப் பகுதி விறைத்துப் போவதுண்டு. தமிழ்ப் பகுதியைத் தமிழிலேயே சிந்தித்து எழுதுதல் நன்று. தமிழ்ச் சொற்கள் நீண்டவை. ஆதலின் அவற்றிற்கு இடம் மிகுதியாக வேண்டும் என்பதையும் முன்னரே கணக்கிட வேண்டும். எழுத்தின் அளவு, வரிகளின் இடைவெளி, பின்புல நிறம் ஆகியன முதியோர் கண்ணுக்கும் ஏற்றனவாய் இருத்தல் வேண்டும்.

ஒளியமைப்பு மற்றொரு நுட்பம். மாதவி ஆடிய அரங்கின் அமைப்பைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை விரிவாய்க் கூறுகின்றது. எட்டுக் கோல் நீளமும், ஏழு கோல் அகலமும், ஒரு கோல் உயரமும் உடைய அவ்வரங்கில், தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்குகள் வைக்கப்பெற்றன. காண்போரின் நிழல் பொருளின்மேல் விழாமலும், கண்ணாடியில் விளக்கு எதிரொளித்துக் கண்ணைக் கூசாமலும் ஒளியை அமைக்கும் இக்காலத்து முறைக்கும் அதுவே அடிப்படை. ஆயினும் இன்று மற்றொரு கவலையும் உண்டு. ஒளி மிகுந்தால் பறவையின் இறகும், உலர்த்திய செடியும், துணியும், நீர்வண்ண ஓவியமும் நிறம் மங்கும். அத்தகைய பொருள்களுக்கு 50 லக்ஸ் அளவு ஒளியே தக்கது என்பர். நண்பகல் வெயிலின் ஒளி ஏறத்தாழ ஓர் இலட்சம் லக்ஸ் என்பதை நினைத்தால் அதன் சிறுமை புலனாகும். குறைந்த ஒளியிலும் தெளிவாகக் காணுமாறு சுற்றுப்புறத்தை மேலும் இருட்டாக்கிக் கண்ணைப் பழக்குவது காட்சியமைப்பாளரின் உத்தியாகும்.

கோடைக்கானலில் மூடுபனியும் ஈரமும் மிகுதி. ஈரத்தால் காகிதம் நெகிழும், பசை விட்டுப்போகும், பாடம் செய்த விலங்கின் தோலில் பூஞ்சை படரும், சிறு வண்டுகள் இறகையும் மயிரையும் அரிக்கும். சமவெளி நகரங்களுக்கு ஏற்ற பலகையும் வண்ணமும் மலைமேல் ஓராண்டும் நில்லாமல் போகலாம். ஆதலின் எவ்வூரில் காட்சி அமைகின்றதோ அவ்வூரின் காற்றையும் மழையையும் அறிந்தே பொருள்களைத் தெரிவு செய்தல் வேண்டும். உடைந்தால் உள்ளூர்த் தச்சரே பழுதுபார்க்கத்தக்க எளிய அமைப்பே சிறந்தது. பழுதுபட்டுக் கிடக்கும் விலையுயர்ந்த கருவியைவிட, நாள்தோறும் இயங்கும் எளிய கருவியே பெரும்பயன் தரும்.

வருவோர் அனைவரும் ஒரே உயரத்தினர் அல்லர். ஆறு வயதுக் குழந்தை எட்டிப் பார்க்க முடியாத பேழை, அக்குழந்தைக்கு இல்லாத பேழையே. சக்கர நாற்காலியில் வருவோர்க்குப் படிகள் தடையாகும். ஒரு மீட்டர் உயர்வுக்குப் பன்னிரண்டு மீட்டர் நீளமாவது உள்ள சாய்தளம் வேண்டும். கண்பார்வையற்றோர் தொட்டு உணரும்படி, மலையின் உருவத்தை மேடு பள்ளங்களோடு அமைத்துக் காட்டலாம். மரப்பட்டையையும் காட்டெருமைக் கொம்பின் மாதிரியையும் தடவிப் பார்க்க இடமளிக்கலாம். அவர்களுக்கென அமைத்தவை மற்றவர்க்கும் இன்பம் பயப்பதைக் காணலாம். தொடாதே என்னும் பலகைகள் மலிந்த இடத்தில், தொட்டுப் பார் என்னும் ஒரு பலகை குழந்தைகளை எளிதில் ஈர்க்கும்.

திட்டம் எத்துணை நன்றாயினும், அதனைச் சோதித்துப் பார்த்தல் இன்றியமையாதது. திறமை மிக்க காட்சியமைப்பாளர் முதலில் அட்டையாலும் காகிதத்தாலும் மாதிரிகள் செய்வார். அவற்றைப் பள்ளி மாணவர் சிலர்க்குக் காட்டி, சற்றுத் தொலைவில் நின்று உற்றுநோக்குவார். எங்கே நின்றனர், எதனைப் படியாது கடந்தனர், எதனைத் தவறாகப் பொருள்கொண்டனர் என்று குறித்துக்கொள்வார். மாணவர்க்கு விளங்கவில்லையெனின் மாணவரைக் குறை கூறாமல் மாதிரியைத் திருத்துவார். அட்டையைத் திருத்துவதற்கு ஆகும் செலவு சிறிது. கண்ணாடியும் இரும்பும் கொண்டு முடித்தபின் திருத்துவதற்கு ஆகும் செலவு பெரிது.

காட்சியமைப்பு ஒருவர் கைவேலையன்று. தச்சர், கொல்லர், கண்ணாடி வேலை செய்வோர், மின்பணியாளர், ஓவியர், அச்சிடுவோர், ஒலிப்பதிவாளர் எனப் பலர் கூடிச் செய்வது. 1965-ஆம் ஆண்டில் நேருவின் வாழ்வையும் இந்தியாவையும் பற்றிய பெருங்காட்சியொன்று நியூயார்க்கில் திறக்கப்பெற்றது. அமெரிக்க வடிவமைப்பாளர்களாகிய சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியரும் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தாரும் இணைந்து அதனை உருவாக்கினர். அத்தகைய பெரும்பணியாயினும், சிற்றூர்ப் பள்ளியின் காட்சியாயினும், அனைவரையும் ஒருமுகப்படுத்தி உரிய நாளில் முடிப்பது காட்சியமைப்பாளர் பொறுப்பே. தனித் தொழிலராய் இருப்பவர்க்கு இப்பொறுப்பு மேலும் பெரிது. செலவை முன்கூட்டியே மதிப்பிட்டு, எழுத்தால் ஒப்பந்தம் செய்து, சொன்ன தொகைக்குள் சொன்ன நாளில் அவர் முடித்தல் வேண்டும். அவர் செய்த பணியே அடுத்த பணிக்குப் பரிந்துரை ஆகின்றது.

இத்திறன்கள் அனைத்திற்கும் மேலாக வேண்டுவது நேர்மை. காண்போர் கண்ணாடிப் பேழையில் கண்டதை ஐயுறுவதில்லை; ஆகவே அங்கு வைக்கும் பொய் நெடுநாள் வாழும். அழகுக்காக, இம்மலையில் வாழாத பறவையை ஓவியத்தில் சேர்த்தல் தவறு. மலைவாழ் மக்களை அம்பும் வில்லும் ஏந்திய பொம்மைகளாக மட்டும் நிறுத்துதல், இன்று பள்ளிக்கும் பணிக்கும் செல்லும் அவர்களை இழிவுபடுத்துவதாகும். அவர்களைப் பற்றிய காட்சியை அவர்களைக் கேட்டே அமைத்தல் வேண்டும். அயல்மரங்களைப் பற்றிக் கூறும்போதும் நடுவுநிலை தவறலாகாது. விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் அக்காலத்தில் அவை நடப்பெற்றன. அவற்றின் நிழலிலேயே சில இடங்களில் சோலை மரக்கன்றுகள் மீண்டும் முளைத்து வருவதையும் ஆய்வாளர் கண்டுள்ளனர். அவற்றைப் பகையாகக் காட்டுவதும், இயற்கையாகக் காட்டுவதும் ஒருங்கே தவறு. உண்மை சிக்கலானதாயினும் அதனைத் தெளிவாய்க் கூற முடியும் என்பதை மெய்ப்பிப்பதே இக்கலையின் பெருமை.

காட்சியமைப்பாளரின் பெயரைப் பார்வையாளர் அறியார். அருங்காட்சியகத்தை விட்டு வெளியேறும்போது அவர்கள் நினைவில் நிற்பது மலையே. காட்சியை அமைத்தவர் அல்லர். அதுவே அவர்தம் வெற்றி. பைன் காட்டின் நடுவே நின்று, இவை நட்ட மரங்கள், அதோ அந்த மடிப்பில் தெரிவதே சோலை என்று ஒரு தந்தை தம் மகளுக்குச் சுட்டிக் கூறுவாராயின், அவர் அறிவை மட்டுமன்று, மலையின்பால் அன்பையும் பெற்றவர் ஆவார். அன்புடையார் அதனை மாசுபடுத்தார். அது அழிவதைக் கண்டு வாளாவிரார்.

பள்ளிகளில் நடைபெறும் காட்சிகளிலும் மாணவர் இக்கலையைப் பழகலாம். தம் ஊரின் குளத்தையோ, கோயிலின் கல்வெட்டையோ, மறைந்துவரும் ஒரு தொழிலின் கருவிகளையோ எடுத்துக்கொண்டு, அதனைப் பற்றி அறிந்தோரை அணுகிக் கேட்க வேண்டும். சொல்ல வேண்டிய கருத்து ஒன்றைத் தேர்ந்து, குறைந்த சொற்களில் எழுதி, உரிய ஒளியில் உரிய உயரத்தில் வைத்து, காண்போர் வினாக்களைக் கூர்ந்து கேட்க வேண்டும். நாள்தோறும் கண்டும் காணாது கடந்து சென்ற ஒன்றைப் பிறர் நின்று நோக்குமாறு செய்தல் ஊருக்குச் செய்யும் தொண்டே ஆகும்.